சாவி மட்டும் தரவும்

வண்டியில் ஒன்றும் இல்லை என்று ஒரு மெக்கானிக் சொன்னால், உன்னிடம்தான் ஏதோ இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்த ஜாதிதான். ஊசியக்கா அப்படி இல்லை. அவர் வீட்டு மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன் நான், எனக்குத் தெரியாதா. அழுகின தக்காளியைப் பைக்கு அடியில் தள்ளிவிட்ட ஒரு கடைக்காரனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் எதிர்க்கடைக்குப் போய் இரண்டே இரண்டு தக்காளி வாங்கினார். அவன் கண்ணில் படும்படி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வருஷம் இப்படிச் செய்தார்.

படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, புரட்டிப் படுக்க வைத்து முதுகு துடைப்பது, இதுதான் அக்காவின் வேலை. ஒரு நாளைக்குப் பதினொரு வீடு. அந்த வீட்டு ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், கிடப்பவர் எழுந்து கதவைத் திறக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவியை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டப் பழகி, இரண்டாம் கையாக ஒரு சின்ன வண்டியை வாங்கிக்கொண்டார். கார்ச்சாவியும் பதினொரு வீட்டுச் சாவிகளும் ஒரே வளையத்தில் கிடக்கும். அக்கா படியேறினால் மாடிவரை சத்தம் கேட்கும்.

கோடை தொடங்கின சமயத்தில் வண்டி நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை ரவுண்டானாவில், பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தபோது. ஓடிக்கொண்டிருந்த வண்டி முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சட்டென்று அணைந்தது. லாரிக்காரன் பிரேக்கைப் போட்டு நிறுத்தி, இறங்கி வந்து பத்து நிமிஷம் ஏசினான். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல வண்டி கிளம்பியது. அடுத்த நாள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை நின்றது. சில சமயம் உடனே பிடிக்கும், சில சமயம் வியர்வையில் உடுப்பு நனைந்து ஒட்டும்வரை பிடிக்காது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு எடைமேடையில் வேலை. லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர், அதனால் எங்கள் தெருவில் அவருக்கு எடைக்காரர் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வண்டியை எடுப்பார். அவருடைய தனிச்சாவி எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கும். அவர் ஓட்டி ஒருநாளும் வண்டி நின்றதில்லை. இதை அவர் வாரம் தவறாமல் சொல்லிக்காட்டினார்.

வண்டியை விட்ட இடம் பெரிய ஷெட். தகரக் கூரை, கீழே எண்ணெய் ஊறின தரை, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. முதலாளியை எல்லோரும் டாக்டர் என்பார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு நோயைச் சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான், அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகும். அவர் மேஜைக்குப் பின்னால் வரிசையாக ஆணிகள், நம்பர் போட்ட சாவிகள். அதற்குமேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு போர்டு. சாவி மட்டும் தரவும், மற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. எவனோ ஒருவன் கார்ச்சாவியோடு பீரோச்சாவியையும் கொடுத்துவிட்டு, அது தொலைந்துபோனது என்று ஒரு வாரம் சண்டை போட்டானாம். அன்றிலிருந்து போர்டு.

அக்காவும் பிறத்தியார் வீட்டுச் சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் கார்ச்சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதிக் கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

முதல் தடவை டாக்டர் பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். இரண்டாம் தடவை பிளக்கும் வயரும். இரண்டு தடவையும் ஓட்டிப் பார்த்தோம், நிற்கவே இல்லை என்றார். வெளியே கொண்டுவந்த மூன்றாம் நாள் நின்றது. அன்றைக்குத்தான் தபால்காரத் தாத்தா விழுந்தார்.

அவர் அக்காவின் நாலாவது வீடு. கால் இரண்டும் விளங்காது. காலையில் எட்டரைக்கு அக்கா வந்து ஊசி போட்டு, கஞ்சி கொடுக்க வேண்டும். அக்கா மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோன வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதரைவரை பார்த்த தாத்தா, தானே பாத்திரத்தை எட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அக்கா கதவைத் திறந்தபோது தரையில் கிடந்தவர், நீ வர லேட்டாச்சேன்னு பயந்துட்டேன், உனக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேலை கொடுக்கும் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு தடவை தாமதமானால் பதினொரு வீடும் வேறு ஆளுக்கு என்று. மூன்றாம் தடவை வண்டியை விட்டபோது அக்கா டாக்டரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒரு வாரம் வைத்திருங்கள், நிற்கும்வரை ஓட்டிப் பாருங்கள் என்று. ஒரு வாரம் கழித்து அக்கா, எடைக்காரர், நான் மூன்று பேரும் போனோம். பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அக்காவைப் பார்க்காமல் எடைக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"சார், வண்டி தங்கம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஓட்டினா நிக்கலேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் என்னத்தப் பாக்கறது? கிளட்ச்சுல வெக்கிற காலத்தான் பாக்கணும்."

பெஞ்சு சிரித்தது. அது போகட்டும், எடைக்காரரும் சிரித்தார். சின்னச் சிரிப்புதான், மரியாதைக்குச் சிரித்ததுதான், ஆனால் அக்கா அதைப் பார்த்துவிட்டார். டாக்டர் பில் சீட்டில், குறை எதுவும் இல்லை, ஓட்டுபவர் கவனிக்கவும், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அக்கா அதை நாலாக மடித்து ஊசிப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். 

அன்று சாயங்காலம் கீழே சமையலறையில் நடந்த பேச்சு மாடிக்கு நன்றாகக் கேட்டது. இந்த மாசக் கடைசிவரை பார்ப்பது, அதற்குள் ஒரு தடவை நின்றாலும் வண்டியை விற்றுவிடுவது என்றார் எடைக்காரர். எடைமேடைக்கு வரும் லாரிக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். பக்கத்திலேயே ஏதாவது கிளினிக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே, உயிர் முக்கியமில்லையா என்றும் கேட்டார். பயத்தில் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கும். ஆனால் வண்டி போனால் அந்தப் பதினொரு வீடும் போகும். அவர் அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, மாடிக்கு ஏறி வந்தார்.

"அச்சுல தப்புக் கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை?" என்றார். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன், வேலை மத்தியானத்துக்கு மேல்தான். "காலைல என்கூட வாங்க. இந்த வண்டியில இருக்கிற தப்பு எனக்கு வேணும். அந்த ஆள் வாயாலயே ஒத்துக்கணும். அதே பெஞ்சுக்கு முன்னாடி ஒத்துக்கணும்."

மறுநாளிலிருந்து நான் ஒரு நோட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்தேன். எந்த வீட்டுக்கும் பிந்தாமல் இருக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம், வண்டி நின்றதை எடைக்காரர் காதில் போடவில்லை. அக்கா ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் இருபது நிமிஷம், அரைமணி இருந்துவிட்டு, கையில் டெட்டால் வாசனையோடு வருவார். நான் வெயிலில் வெந்துகொண்டு எழுதினேன். நின்ற நேரம், பெட்ரோல் எவ்வளவு, வெயிலா மழையா, இடப்பக்கம் திரும்பும்போதா வலப்பக்கமா. ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. மழையிலும் நின்றது, வெயிலிலும் நின்றது. ஒரு கட்டத்தில் அக்காவுக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது, நீங்கள் ஏறினால் நிற்கிறது, ஏறாவிட்டால் ஓடுகிறது என்று. இரண்டு நாள் பின்சீட்டில் உட்கார வைத்தார். நல்லவேளை, அப்போதும் நின்றது.

அந்தச் சமயத்தில் தபால்காரத் தாத்தாவை அவர் மகள் வந்து வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் வீட்டில் பழைய கதவு, ஒரு சாண் நீளத்துக்கு இரும்புச் சாவி. அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பத்து நாள் வண்டி நிற்கவில்லை. எடைக்காரர், பார்த்தாயா, கவனமாக ஓட்டினால் நிற்காது என்றார். டாக்டர் சொன்னது சரியாகிப் போய்விட்டதே என்று அக்காவுக்கு ராத்தூக்கம் இல்லை. நோய் தானாகப் போகாது, எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்று முணுமுணுத்தார். வண்டி நிற்கவில்லையே என்று ஒருவர் வயிறெரிந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தாத்தாவுக்குப் பதிலாக அலுவலகத்தில் வேறு வீடு கொடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஓர் அம்மா. அக்கா உள்ளே போனார், சுவரில் மாட்டியிருந்த படத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தது அவருடைய அம்மா. டாக்டர் அதற்குமுன்பே ஷெட்டுக்குப் போயிருந்தார், மருமகள் தையல் ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியை அக்கா கையில் வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு லாரி நட்டு, அதில் வளையம் வெல்ட் வைத்து, அதில் சாவி. தொலையக் கூடாது என்று தன் வீட்டுக்காரரே செய்தார் என்றாள். அக்கா முதுகு துடைக்கும்போது அந்த அம்மா மகன் புராணம் படித்தார், என் பிள்ளை காது வைத்துக் கேட்டால் எந்த வண்டியும் உண்மையைக் கக்கிவிடும் என்று. அக்கா பவுடர் போட்டுவிட்டு, அப்படியா அம்மா என்று மட்டும் சொன்னாராம்.

அந்தத் தெருமுனை வேகத்தடையில் வண்டி நின்றது. மறுநாளும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் நான் முன்சீட்டில் இருந்தேன். வண்டி ஏறி இறங்கியது, சாவிக்கொத்து ஒரு குதி குதித்தது, நட்டு கீழே இழுத்தது. மீட்டர் விளக்கெல்லாம் அணைந்தன, வண்டி நின்றது.

"அக்கா, சாவி" என்றேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டி மறுபடி கிளப்பினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலை நட்டில் மாட்டி மெதுவாகக் கீழே இழுத்தார். அணைந்தது. மறுபடி கிளப்பி, மறுபடி இழுத்தார். அணைந்தது. சாவி போடும் இடம் உள்ளே தேய்ந்து கிடந்தது, கனம் இழுத்தால் தொடர்பு விட்டுப்போகிறது. கொத்தைக் கழற்றிவிட்டு, கார்ச்சாவியோடு மட்டும் அதே வேகத்தடையில் ஐந்து தடவை ஏறி இறங்கினார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்கவில்லை.

ஷெட்டில் ஏன் நிற்கவில்லை, எடைக்காரர் ஓட்டினால் ஏன் நிற்கவில்லை, தாத்தா சாவி போனதும் ஏன் சரியானது, எல்லாம் அந்தத் தெருமுனையில் விளங்கிவிட்டது. அக்கா கழற்றின கொத்தைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். தாத்தாவின் சாவியே தாத்தா கையை ஒடித்துவிட்டதே என்றார். பிறகு அவர் முகம் மாறியது. நான், வாங்க அக்கா, நேரே ஷெட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொல்லவா? மூணு தடவை சொன்னேனே, கேட்டாரா? இனிமே நான் சொல்ல மாட்டேன். அவரே கண்டுபிடிக்கட்டும்."

அன்றிலிருந்து வீட்டுச் சாவிகள் தனிப் பைக்குள் போயின. ஒரு வீட்டுக்கும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. மாசக் கடைசி சனிக்கிழமை காலையில், அக்கா எல்லாச் சாவியையும் எடுத்து வளையத்தில் ஒவ்வொன்றாகக் கோத்தார். நட்டைக் கடைசியாக மாட்டினார். எடைக்காரரையும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி ஷெட்டுக்குப் போனார்.

பெஞ்சு நிறைந்திருந்தது. வண்டியை இன்றைக்கு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அக்கா பணிவாகக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் டாக்டரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஷெட் வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட சிமெண்ட் மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி அணைந்தது.

"கிளட்ச்ச விட்டுட்டீங்க" என்றார் டாக்டர்.

"அப்போ நீங்களே ஓட்டுங்க" என்று அக்கா இறங்கிப் பக்கத்து சீட்டுக்கு மாறினார்.

டாக்டர் ஓட்டினார், கண்ணெல்லாம் ரோட்டிலும் கிளட்ச்சிலும்தான், கீழே தொங்கின கொத்தை அவர் பார்க்கவே இல்லை. கடைத்தெரு வேகத்தடையில் அவர் கையிலேயே நின்றது. கிளப்பினார், இருபதடி தள்ளி ஒரு பள்ளத்தில் மறுபடி நின்றது. அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துத் தீர்த்தது. வாழைப்பழ வண்டிக்காரன், டாக்டருக்கே காய்ச்சலா என்று கேட்டான். டாக்டர் காது நுனிவரை சிவந்து இறங்கித் தள்ளினார், எடைக்காரரும் தள்ளினார், அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டார். நானும் தள்ளினேன், மனசார.

ஷெட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அக்கா கொத்தை அப்படியே, நட்டும் சாவியுமாக, அவர் முன்னால் நீட்டினார். டாக்டர் கொத்தைப் பார்க்காமலே, பழக்கதோஷத்தில் விரலைப் போர்டின் பக்கம் காட்டினார்.

"சாவி மட்டும் கொடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாவி மட்டும் போதுமா?"

"போதும்மா."

அக்கா பொறுமையாகக் கழற்றி, கார்ச்சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். டாக்டர் அதை ஆணியில் மாட்டினார்.

ஐந்து நாள். நான் அச்சகத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். முதல் நாள் என்ஜின் திறந்திருந்தது. மூன்றாம் நாள் சீட்டெல்லாம் தரையில் கிடந்தன, வயர்கள் குடலைப் போல வெளியே தொங்கின. டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்தாராம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்கா விடியும் முன் கிளம்பி, பஸ்ஸிலும் நடையிலுமாகப் பத்து வீடும் டாக்டரின் வீடும் போய் வந்தார். கால் வீங்கிவிட்டது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அந்த அம்மா கவலைப்பட்டாராம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், உடம்பு முக்கியம் என்று அக்கா ஆறுதல் சொன்னாராம். எனக்கே மனசு கேட்கவில்லை, போதும் அக்கா என்றேன். அவருக்கு அஞ்சு நாள், எனக்கு மூணு மாசம், என்றார் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு.

ஆறாம் நாள் டாக்டரே ஆள் அனுப்பினார். எடைக்காரரை அல்ல, அக்காவை வரச் சொல்லி. மூன்று பேரும் போனோம். டாக்டர் பெஞ்சுக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"தெரியலம்மா. எல்லாத்தையும் கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். நின்னதை என் கண்ணால பாத்தேன், ஆனா ஏன்னு எனக்குத் தெரியல. உங்க மேல தப்பில்ல."

அக்கா ஊசிப்பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த சீட்டை எடுத்து நீவி மேஜையில் வைத்தார். "எழுதிக் கொடுங்க" என்றார். டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டு, ஓட்டுபவர் மேல் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 

அதை மறுபடி மடித்து வைத்துவிட்டு, அக்கா ஆணியிலிருந்து சாவியைத் தானே எடுத்தார். பைக்குள்ளிருந்து நட்டை எடுத்துக் கோத்தார். வண்டியைக் கிளப்பி, டாக்டரைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரே விரலால் நட்டை இழுத்தார். வண்டி அணைந்தது. டாக்டர் அந்த நட்டைப் பார்த்தார். அவர் வைத்த வெல்ட், அவருடைய வீட்டுச் சாவி. பிறகு அவர் பார்வை மெதுவாகப் போர்டுக்குப் போனது.

"தெரிஞ்சேவா அஞ்சு நாள் விட்டீங்க?"

"நீங்க தெரியாமலே மூணு மாசம் விட்டீங்களே."

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி நட்டைப் பார்த்தார்கள். எடைக்காரர் மட்டும், பழைய வழக்கப்படி, லேசாகச் சிரித்தார். அக்கா திரும்பினார்.

"நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? டன் கணக்குல எடை போடுறவருக்கு வீட்டுல தொங்குற கனம் தெரியல. வண்டி வாங்கறேன்னாரே, அவர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டு வாங்க. அந்தத் தனிச்சாவிய என்கிட்ட கொடுத்துட்டு நடந்து போங்க."

எடைக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெயிலில் நடந்தே போனார். டாக்டர் அன்றைக்கே சாவி போடும் பகுதியைப் புதிதாக மாற்றினார், வேறு யாரையும் தொட விடவில்லை. காசு பேச்சே எடுக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் டாக்டரின் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை வேண்டும் என்று அக்கா என்னையும் உள்ளே கூப்பிட்டார். டாக்டர் அன்று தாமதமாக ஷெட்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆசையாகக் கேட்டார், ஏதோ ஒரு வண்டிக்காக ஐந்து நாளாகப் பாடுபட்டானே, என் பிள்ளை கண்டுபிடித்துவிட்டானா என்று. டாக்டர் உள்ளே பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலக் கண்ணாலேயே கெஞ்சினார். எனக்குப் பாவமாக இருந்தது. அக்கா ஊசியில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினார்.

"நான் எதுக்கும்மா சொல்லணும்? அவரே நிக்கறார், கேளுங்க."

டாக்டர் ஒரு செருப்போடு வாசலில் நின்றார். "இல்லம்மா" என்றார் கடைசியில். "என்னால முடியல. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. இவங்க வண்டிதான் அது." அந்த அம்மா மகனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா வலிக்காமல் ஊசியைப் போட்டுவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துவிட்டார். போர்வையை இழுத்து மூடினார்.

வெளியே வந்ததும் டாக்டர் கையை நீட்டினார், அந்தச் சாவியைக் கொடுங்கள், நட்டை அறுத்துவிட்டு வெறும் சாவியாகத் தருகிறேன் என்று. அக்கா நட்டைத் தனிப் பைக்குள் போட்டு வாயை இழுத்துக் கட்டினார்.

"இருக்கட்டும். அறுத்துட்டா உங்களுக்கு மறந்துபோயிடும்."